சரக்கு வண்டியில் வினைல் எழுத்துக்களை ஒட்டுதலும் காத்தலும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் சுற்றுப்புறங்களில் கீரை, வெண்டை, கத்தரி, மல்லிகை முதலிய விரைவில் வாடிக் கெடும் பொருள்களைப் பயிரிடும் விவசாயிகளில் பலர், இப்பொழுது வாடகை வண்டியை எதிர்பாராமல் சொந்தத்தில் ஒரு சிறு சரக்கு வண்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005-ம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட சிறு வண்டியும், அதன் பின் பிறர் வெளியிட்டவையும், நம் பக்கத்தில் 'குட்டி யானை' என்ற ஒரே பெயரால் வழங்கி வருகின்றன. பின்னிரவில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தண்டை நின்று பார்ப்போர், இவ்வண்டிகள் கோயம்பேடு மார்க்கெட்டை நோக்கிச் செல்வதைக் காணலாம். அவற்றின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் எழுத்துக்களைக் கவனித்தால், சிலவற்றில் ஊர்ப் பெயரில் பாதியும், டெலிபோன் எண்ணில் ஒன்பது இலக்கங்களும் மாத்திரமே எஞ்சியிருக்கும். பத்தில் ஓர் இலக்கம் உதிர்ந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விளைச்சலோடு விவசாயம் முடிந்துவிடுவதில்லை. 2020-ம் வருஷம் மே மாதத்தில் தொற்று நோய் காரணமாகக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் ஏற்பட்டபொழுது, தெருத்தெருவாக வண்டியிலேயே காய்கறி விற்பதும் நகரில் பெருகிற்று. அவ்வகை வியாபாரத்தில் வண்டியே கடை. அதன் மேல் உள்ள எழுத்தே கடைப்பலகை. இது தவிர, வண்டியில் எழுதப்படுவனவற்றில் சில சட்டப்படி இருந்தே தீர வேண்டியவை; வேறு சில இரவில் உயிரைக் காப்பவை. ஆகையால் இவ்விஷயம் அலங்காரத்தைச் சேர்ந்தது என்று தள்ளிவிடத்தக்கதன்று.

எழுத்துக்கள் சீக்கிரத்தில் உரிந்துவிடுவதற்குச் சாமான் மட்டமானது என்றே பெரும்பாலோர் காரணம் சொல்லுகிறார்கள். மட்டமான சாமான் இல்லாமலில்லை. ஆனால் உரிந்துபோன வண்டிகளைப் பரிசீலித்துப் பார்த்த அளவில், ஒட்டிய நாளன்று தகட்டின் மேல் இருந்த எண்ணெயும், தூசியும், ஈரமுமே அநேகமாய்க் காரணமாயிருக்கின்றன. பசையானது தனக்கு அடியில் எது இருக்கிறதோ அதைத்தான் பற்றும். தகட்டின் மேல் தூசி இருந்தால் அது தூசியைப் பற்றிக்கொள்ளும். தூசியோ தகட்டைப் பற்றுவதில்லை.

சாமானின் தன்மை

வினைல் என்று கடைகளில் சொல்லப்படுவது பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருளால் ஆன மெல்லிய ஏடு. இப்பொருள் இயல்பில் விறைப்பானது. 1926-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற ரசாயன நிபுணர் சில எண்ணெய் போன்ற திரவங்களை இதனுடன் கலந்தால் ரப்பரைப்போல் வளையும் என்று கண்டறிந்தார். அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் பசையும், வழவழப்பான பின்தாளும் கொண்ட சீட்டுகளை 1935-ம் வருஷத்தில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் வியாபார முறையில் செய்யத் தொடங்கினார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று நாம் ஒட்டும் ஸ்டிக்கர்.

வளைவுத் தன்மைக்காகச் சேர்க்கப்பட்ட திரவம் நாளடைவில் வெயிலில் வெளியேறுகிறது. அப்பொழுது ஏடு சுருங்கும், விறைக்கும், ஓரங்களில் வெடிக்கும். எழுத்தைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு கோடு காண்பது இச்சுருக்கத்தின் அடையாளம். ஏடு பின்வாங்கிய இடத்தில் வெளிப்பட்ட பசையின் மேல் புழுதி படிந்திருக்கிறது என்று அறிக.

ஏடு செய்யும் முறையில் இரண்டு வகை உண்டு. மாவைக் குழவியால் தேய்ப்பதுபோல் சூடான உருளைகளுக்கிடையில் செலுத்தித் தகடாக்கியது ஒன்று; இதைக் கடைக்காரர் 'கேலண்டர்டு' என்பார்கள். தோசை மாவை வார்ப்பதுபோல் திரவமாக வார்த்து உலர்த்தியது மற்றொன்று. இதற்குக் 'காஸ்ட்' என்று பெயர். உருளையில் இழுத்துத் தேய்த்த ஏடு தன் பழைய உருவத்துக்குத் திரும்ப எப்பொழுதும் முயன்றுகொண்டே இருக்கும். வார்த்த ஏட்டுக்கு அவ்வித முயற்சி இல்லை. முன்னது சாதாரணமாக 80 முதல் 100 மைக்ரான் கனமுள்ளது. பின்னது 50 மைக்ரான் சுமார். கனமாயிருப்பதே உறுதியென்று நினைத்து முன்னதையே வாங்குவோர் உண்டு. மேடு பள்ளமுள்ள தகட்டுக்கு மெல்லிய வார்ப்பு ஏடே நன்றாகப் படியும், நெடுநாளும் உழைக்கும். ஆனால் விலை அதிகம். சமமான கதவுகளில் வெறும் எழுத்துக்கள் மட்டும் ஒட்டுவதானால் கேலண்டர்டு வகையில் 'பாலிமெரிக்' என்ற உயர்ந்த தரம் போதும். 'மோனோமெரிக்' என்பது சில மாதங்களுக்கு வேண்டிய விளம்பரங்களுக்கே ஏற்றது. செய்வோர் அட்டவணைகளில் குறித்திருக்கும் ஆயுட்காலம் பெரும்பாலும் மிதமான வெயிலுள்ள தேசங்களில், நிமிர்ந்து நிற்கும் பரப்புக்குக் கணக்கிட்டது. நம் வெயிலில் அவ்வளவு வராது. கேபினின் கூரை, முன்மூடி முதலிய படுக்கையான இடங்களில் இன்னும் குறையும். ஆகவே தேவையான எழுத்து ஒன்றையும் அவ்விடங்களில் ஒட்டலாகாது.

நிறம் ஊறிய ஏட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டியெடுத்த எழுத்து ஒரு விதம். வெள்ளை ஏட்டில் மையால் படம் அச்சிட்டது மற்றொரு விதம். முன்னதில் நிறம் ஏடு முழுவதும் கலந்திருப்பதால் எளிதில் மங்காது. அச்சிட்டது அப்படியன்று, அதன் மேல் கண்ணாடி போன்ற காப்பேடு ஒன்று ஒட்டப்பட வேண்டும். இதற்கு லேமினேஷன் என்று பெயர். இஃதில்லாமல் அச்சிட்ட தக்காளிப் படம் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். பெயரும் எண்ணும் வெட்டிய எழுத்தாகவும், படம் வேண்டுமென்றால் அது மட்டும் அச்சாகவும் இருப்பது என் அபிப்பிராயத்தில் சிக்கனமானது.

மரப்பலகை அடித்த பாடிக்கும், துரு ஏறிச் சொரசொரத்த டிராக்டர் டிரெய்லருக்கும் ஸ்டிக்கர் உதவாது. அவற்றுக்கு இன்றும் பெயிண்டரின் தூரிகையே மேல். நல்ல எனாமல் வர்ணத்தில் தேர்ந்த கை எழுதிய எழுத்து, மோசமாக ஒட்டிய வினைலைவிடப் பல வருஷம் அதிகம் நிற்கும். வர்ணம் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களிலும், ரப்பர் மேலும் பசை பிடிக்காது.

சட்டம் கேட்பது

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 84-வது பிரிவு, பர்மிட்டுக்கு உட்பட்ட ஒவ்வொரு வண்டியிலும், வெளிப்புறத்தில், இரு பக்கங்களிலும், அதை நடத்துபவரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. அவை வர்ணத்தால் எழுதப்பட்டிருக்கலாம், அல்லது வேறு விதமாய் உறுதியாகப் பதிக்கப்பட்டிருக்கலாம். எழுத்து பெரிதாகவும், வண்டியின் நிறத்துக்கு எடுப்பாய் மாறுபட்ட நிறத்திலும், ஜன்னல் மட்டத்துக்குக் கீழே கூடிய மட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். 'உறுதியாக' என்ற சொல்லைக் கவனிக்க. பாதி உரிந்த விலாசம் இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதாகாது.

சரக்குடன் சேர்ந்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்கு அதே சட்டத்தின் 66-வது பிரிவில் பர்மிட் தேவையில்லை என்று விலக்கு உண்டு. குட்டி யானைகளில் பெரும்பாலானவை இவ்விலக்கில் அடங்கும். மொத்த எடை இவ்வளவு என்பது பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. விலக்கு இருந்தபோதிலும் பெயரும் ஊரும் இருப்பது நல்லது. மார்க்கெட்டில் ஒரே நிறமுள்ள பல வண்டிகளுக்கிடையே சுமை இறக்குவோர் வண்டியைக் கண்டுபிடிப்பதற்கும், வழியில் விபத்து நேர்ந்தால் வீட்டுக்குத் தகவல் போவதற்கும் அதுவே வழி.

ஒட்டக்கூடாதவையும் உண்டு. பதிவு எண் பலகையின் மேலும் அதன் ஓரத்திலும் யாதொரு ஸ்டிக்கரும் கூடாது. கேபின் கண்ணாடிகளில் முன்னும் பின்னும் உள்ளவை 70 சதவிகிதமும், பக்கத்தில் உள்ளவை 50 சதவிகிதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டுமென்பது 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி. முன்கண்ணாடியின் மேற்பாகத்தில் குலதெய்வத்தின் பெயரை அகலமாக ஒட்டுவது நம்மவர் வழக்கம். பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் டிரைவரின் கண்ணை மறைக்காமல் அதைக் கேபினின் நெற்றித் தகட்டில் ஒட்டினால் தெய்வத்துக்கும் சம்மதமாகவே இருக்கும். முன்கண்ணாடியில் உட்புறமாக இருக்க வேண்டியது சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் ஒன்று. பைபாஸ் சாலையில் வானகரம் சுங்கச்சாவடியைக் கடப்போர் இதை நன்கறிவர். அதை ஒரு முறை உரித்தால் திரும்ப ஒட்டுவதற்கில்லை. ஆகவே இடத்தைத் தீர்மானித்துக்கொண்டே ஒட்டுக.

சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் 2024-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி முதல், தனியார் வண்டிகளில் போலீஸ், வக்கீல், பத்திரிகை, அரசு என்றெல்லாம் உரிமையின்றி ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். கிராம அதிகாரிகளும் உள்ளாட்சி மன்றத்தாரும் தங்கள் சொந்த வண்டிகளை இவ்விஷயத்தில் ஒரு முறை பார்வையிட்டுக்கொள்வது நலம்.

எழுத்தின் அளவும் இடமும்

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி சாலையின் எதிர்ப்புறத்தில் 40 அடி தூரத்தில் நிற்பவர் சிரமமின்றிப் படிக்க 4 அங்குல எழுத்து வேண்டும். நம் எழுத்துக்களில் கொம்பும், சுழியும், புள்ளியும் இருப்பதால் உயரம் முழுவதும் உடலுக்குக் கிடைப்பதில்லை; ஆகையால் இன்னும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். பின்கதவில் ஊர், பெயர், எண் ஆகிய மூன்றுக்குமேல் எழுதினால் ஒன்றும் படிக்கப்படுவதில்லை. மிகவும் மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்து முதலில் உரியும். மெல்லிய கோட்டுக்குப் பசைப்பரப்புக் குறைவு, ஓரம் அதிகம், உரிதலோ எப்பொழுதும் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதே காரணத்தால், வேறு படம் ஒட்டுவதானால் அதன் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டச் சொல்ல வேண்டும். கூரான மூலையை ஒரு சாக்குப்பையின் நூல் பிடித்திழுத்தாலும் போதும்.

கயிறு கட்டும் கொக்கிகளுக்கு நேர்கீழே எழுத்து இருத்தல் கூடாது. கயிறும் தார்ப்பாயும் ஓட்டத்தில் ஆடிஆடி, அரம்போல் அராவிவிடும். பக்கக்கதவைத் திறந்து கீழே தொங்கவிட்டால் அது எதன் மேல் மோதுகிறதென்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் பின்னால் சேறு தெறிக்கும் பாகத்தையும் விலக்குக. இவற்றையெல்லாம் தள்ளியபின் எஞ்சும் இடம் சிறிதாகத்தான் இருக்கும். எழுத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டுமேயல்லாமல், இடத்தை மீறி நீட்டலாகாது.

தகட்டைச் சுத்தம் செய்தல்

இதுவே வேலையில் முக்கால் பாகம். எவ்வளவு நேரம் சென்றாலும் இதில் அவசரம் கூடாது.

நம் பக்கத்து டிரைவர்கள் வண்டியைக் கழுவி முடித்ததும், பளபளப்புக்காக டீசல் தோய்த்த துணியால் பாடியைத் துடைப்பது வழக்கம். பார்வைக்கு நன்றாகத்தானிருக்கும். ஆனால் டீசலின் எண்ணெய்ப்பசை வர்ணத்தின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. கீரை ஏற்றும் ஒரு வண்டியில் இவ்விதம் துடைத்த மறுநாள் ஒட்டிய எழுத்துக்கள், ஒரு மாதம் முடிவதற்குள் ஓரங்களில் சுருண்டுவிட்டதைக் கண்டிருக்கிறேன். அதே ஏட்டின் மிச்சத்தைச் சுத்தம் செய்த கதவில் ஒட்டியபொழுது குறை காணவில்லை. மெழுகு, சிலிகான் பாலிஷ் ஆகியவையும் டீசலைப் போன்றே கெடுதி செய்பவை.

முதலில் சோப்பு ஜலத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல ஜலம் விட்டு அலச வேண்டும். பின்பு ஒரு செம்பு ஜலத்தைத் தகட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஜலம் இடைவெளியில்லாமல் பரவி வழிந்தால் எண்ணெய் நீங்கிற்று என்று கொள்ளலாம். சேம்பிலை மேல் நிற்பதுபோல் முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடியும் கழுவுக. இச்சோதனைக்குச் செலவில்லை, எவரும் செய்யலாம்.

ஈரம் உலர்ந்தபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்னும் ஸ்பிரிட்டினால் துடைக்க வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பஞ்சு உதிராத வெள்ளைத் துணிகள் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றால் ஸ்பிரிட்டைத் தடவி, அது தானே ஆறுமுன் மற்றொன்றால் துடைத்தெடுக்க வேண்டும். தானே ஆறவிட்டால் கரைந்த அழுக்கு மீண்டும் அதே இடத்தில் படிந்துவிடும். துணியில் அழுக்குத் தெரியாத வரையில் துணியை மாற்றிமாற்றித் துடைக்க. பெட்ரோலும் தின்னரும் இதற்கு ஆகா. முன்னது எண்ணெய்ப்பசை விடும், பின்னது வர்ணத்தைக் கரைக்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவதாகையால் அருகில் பீடி, சிகரெட் வேண்டாம். துடைத்த இடத்தை அதன் பின் வெறுங்கையால் தொடலாகாது. கையிலும் எண்ணெய் உண்டு.

துரு இருந்தால் அதன் மேல் ஒட்டி மறைப்பது பெரும் தவறு. உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் யூரியா, அம்மோனியம் சல்பேட் முதலியவற்றின் தூள் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். ஸ்டிக்கரின் அடியில் அது கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்றுவிடும். சுரண்டி, பிரைமர் பூசி, வர்ணம் அடித்த பின்பே ஒட்ட வேண்டும். பட்டறையில் புதிதாய் வர்ணம் அடித்த வண்டிக்கு ஒரு மாதமாவது பொறுத்திருப்பது நல்லது. காய்ந்ததுபோல் தோன்றினாலும் வர்ணத்திலிருந்து ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே ஏடு மூடினால் அது கொப்புளமாக எழும்பும். தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய வர்ணத்துக்கு இந்தக் காத்திருப்பு வேண்டுவதில்லை.

ஒட்டும் முறை

காலமும் வேளையும் பார்த்து ஒட்டுதல் வேண்டும். தகட்டின் உஷ்ணம் சுமார் 15 முதல் 32 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருப்பது உத்தமம். சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகலில் வெயிலில் நின்ற வண்டியின் மேல் கை வைக்க முடியாது. அச்சூட்டில் ஏடு மிட்டாய்போல் இழுபடும். பசை தொட்ட இடத்தில் உடனே பற்றிக்கொண்டு திருத்த இடம் கொடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் போகாது. மார்கழி, தை மாதத்து அதிகாலையில் தகட்டின் மேல் பனி படிந்திருக்கும். ஆகையால் நிழலில், புழுதி பறக்காத இடத்தில், காலை 8 மணிக்கு மேல் தகடு உலர்ந்திருக்கும்பொழுது தொடங்குவது எக்காலத்துக்கும் பொருந்தும்.

வெட்டிய எழுத்துக்கள் அடியில் பின்தாளும், மேலே எழுத்துக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒட்டுத்தாளும் ஆக மூன்று அடுக்காக வரும். முதலில் பின்தாளை உரிக்காமலே அதைக் கதவின் மேல் வைத்து, கீழ் விளிம்பிலிருந்து இரு முனையிலும் அளந்து, மட்டம் பார்த்து, காகித டேப்பால் நிறுத்திக்கொள்ள வேண்டும். பத்தடி பின்னால் போய் நின்று பார்த்துக்கொள்க. பிறகு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு காகித டேப்பை அழுத்தி ஒட்டினால் அது கதவின் கீல்போல் பிடித்துக்கொள்ளும். வலது பாதியை அக்கீலின் மேல் மடக்கி, அப்பாதியின் பின்தாளை உரித்து நடுவில் வெட்டி நீக்கி, ஏட்டை விறைப்பாகப் பிடித்தபடியே, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்ப்புக்கட்டையால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். பின்பு கீலை எடுத்துவிட்டு இடது பாதியையும் அவ்விதமே செய்க. இம்முறையில் எழுத்து கோணிப்போக வழியில்லை. இருவராகச் செய்தால் இன்னும் சுலபம்.

தேய்ப்புக்கட்டையைச் சுமார் 45 டிகிரி சாய்வாகப் பிடித்து, ஒரு தேய்ப்பின் மேல் மறு தேய்ப்புப் பாதி படியும்படி அழுத்தமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் பற்றும் பசை இது. அழுத்தாவிட்டால் பற்றாது என்பதை மறந்துவிடுவோர் அநேகர். கட்டை இல்லையென்றால் பழைய பிளாஸ்டிக் அட்டையொன்றின் மேல் மெல்லிய துணி சுற்றிப் பயன்படுத்தலாம். முடிந்தபின் மேல் ஒட்டுத்தாளைத் தூக்கி இழுக்காமல், பின்னோக்கி மடித்து, தகட்டோடு தகடாக மெதுவாக உரிக்க வேண்டும். எழுத்து கூடவே எழும்பினால் தாளைத் திரும்பப் படியவைத்து அவ்விடத்தை இன்னொரு முறை தேய்க்க.

சோப்புக் கலந்த ஜலத்தைத் தெளித்து அதன் மேல் ஏட்டை நகர்த்தி ஒட்டும் முறையும் உண்டு. பெரிய சமமான ஏடுகளுக்கு அது கைப்பழக்கமில்லாதவர்க்கு உதவி. ஆனால் மடிப்புகளும் ஆணிகளும் உள்ள கதவில் ஜலம் தங்கி நின்றுவிடும். ஆகவே நம் வண்டிகளுக்கு உலர்ந்த முறையே தகுந்தது.

உள்ளே காற்று நின்று குமிழ் எழுந்தால் அதைக் கத்தியால் கீறக்கூடாது. தையல் ஊசியால் குமிழின் ஓரத்தில் ஒரு துளை குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து விரலால் தள்ளினால் காற்று வெளியேறிவிடும். ஆணித்தலை உள்ள இடத்தில் சுற்றிலும் இவ்விதம் குத்தி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சற்றே சூடாக்கி, கட்டை மயிருள்ள சிறு பிரஷால் வட்டமாக அழுத்துக. கதவுகளுக்கிடையிலுள்ள சந்தை மூடி ஒட்டினால் கதவு திறக்கும்பொழுது கிழியும். சந்தின் இருபுறமும் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் வண்டியைக் கழுவாமலும், மூன்று நாள் வரை அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சாமலும் இருந்தால் பசை முழுப் பிடிப்பை அடையும்.

இரவில் மின்னும் பட்டை

இதைக் கடைகளில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்கிறார்கள். இதில் ரேடியம் என்னும் உலோகம் ஒரு துளியும் இல்லை. இது தானாக ஒளிர்வதும் இல்லை. ஏட்டினுள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ, முக்கோணப் பட்டைத் துளிகளோ பதிந்திருக்கின்றன. அவை, பின்னால் வரும் வண்டியின் விளக்கு வெளிச்சத்தை, வந்த திக்கிலேயே திருப்பி அனுப்புகின்றன. இரவில் பைபாஸ் ஓரத்தில் டயர் பழுதாகி விளக்கின்றி நிற்கும் வண்டியை, வேகமாய் வரும் லாரி டிரைவருக்குத் தொலைவிலேயே காட்டுவது இது ஒன்றே. பாட்டரி செத்தாலும் இது வேலை செய்யும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104-வது விதி சரக்கு வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது. முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள். நிறத்தை மாற்றக்கூடாது, சிவப்பைக் கண்டால் வண்டியின் பின்புறம் என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு. ஏ.ஐ.எஸ். 090 என்னும் தரத்துக்கு உட்பட்ட பட்டையில் அனுமதிக் குறி நெடுகிலும் அச்சிட்டிருக்கும். குறியில்லாத மலிவுப் பட்டை பகலில் இதைப்போலவே தோன்றும். இரவில் டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்து, ஐம்பதடி தள்ளி நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

பட்டையை மலர்களாகவும் நட்சத்திரங்களாகவும் வெட்டி ஒட்டுவது அழகுக்காகலாம், விதிக்கு ஆகாது. தார்ப்பாய் தொங்கி அதை மறைத்தாலும், வைக்கோற் போர் பின்னால் நீண்டு மறைத்தாலும் ஒட்டாததற்குச் சமானமே. சாணமும் சேறும் படிந்த பட்டை ஒளியைத் திருப்பாது. புறப்படுமுன் ஈரத்துணியால் ஒரு தடவை துடைப்பது சில விநாடி வேலை. டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்போர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நெல் ஏற்றி அந்தியில் திரும்பும் டிரெய்லர்களில் பின்விளக்கு எரிவதே அபூர்வம். தகடு சொரசொரப்பாயிருந்தால் தேய்த்து வர்ணம் அடித்து, பட்டையளவு இடத்தையாவது வழவழப்பாக்கி ஒட்டுக.

பாதுகாத்தல்

கையால் கழுவுவதே நல்லது. மென்மையான துணியும் சாதாரண சோப்பு ஜலமும் போதும். சர்வீஸ் நிலையத்தில் கழுவினால் குழாய் முனையை எழுத்திலிருந்து ஓரடிக்குக் குறையாமல், நேராகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். சாய்வாகப் பிடித்தால் ஜலம் ஓரத்தினடியில் புகுந்து எழுப்பிவிடும். டீசல் துடைப்பை அடியோடு நிறுத்த வேண்டும். டீசல் பசையை இளக்குவதுடன் ஏட்டையும் ஊதச் செய்கிறது.

பயிர் மருந்துகளில் ஜலத்தில் கலந்தால் பால்போலாகும் வகைகள் பல எண்ணெய்க் கரைப்பான்களில் கரைத்துச் செய்யப்பட்டவை. அவை சிந்தினால் அச்சு மை கரைந்துவிடும். டப்பாக்களைக் கதவோரத்தில் வைக்காமல் மரப்பெட்டியில் வைத்து ஏற்றுக. மனிதர் உடம்புக்கும் அது நல்லது. வாழைத்தார் ஏற்றினால் வடியும் பால் காய்ந்தபின் எதற்கும் போகாத கறையாகும். இறக்கிய உடனே கழுவிவிட வேண்டும். மீன் ஏற்றுவோரிடம் வண்டியை வாடகைக்கு விட்டால், உப்பு ஜலம் ஓரங்களில் உலர்ந்து படியாமல் அன்றே அலசுவது அவசியம். வெயில் நேரத்தில் வண்டியை மரநிழலில் நிறுத்துவதற்கு ஒப்பான காப்பு வேறில்லை. ஆனால் அதில் பறவைகள் அடையாமலிருக்க வேண்டும். எச்சம் நிறத்தை அரிக்கும்.

ஓர் எழுத்தின் முனை எழும்பிவிட்டால் விரைவில் ஒட்டும் பசைகளைத் தடவுவதால் பிரயோஜனமில்லை. அங்கே புழுதி முன்பே பிடித்திருக்கும். எழும்பிய துண்டைக் கூரிய பிளேடால் அளவாக நறுக்கிவிட்டால் உரிதல் அங்கே நிற்கும். எண்ணில் ஓர் இலக்கம் போனால் அந்த இலக்கத்தை மட்டும் அதே அளவில் வெட்டி வாங்கி ஒட்டலாம். இதற்காக முதலில் வெட்டியபொழுதே எழுத்தின் அளவையும், ஏட்டின் வகையையும், நிற எண்ணையும் கடைக்காரரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நன்று.

வண்டியை விற்கும்பொழுதும், எண் மாறும்பொழுதும் பழைய எழுத்தை நீக்க வேண்டியிருக்கும். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் நம் பெயரும் விலாசமும் இருப்பது வீண் தொந்தரவுக்கு இடம். தலைமயிர் உலர்த்தும் கருவியால் இளஞ்சூடாக்கி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, தகட்டை ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்தால் பசையோடு வரும். இரும்புக் கரண்டியால் சுரண்டினால் வர்ணமும் வரும். எஞ்சிய பசையை யூக்கலிப்டஸ் தைலமாவது மண்ணெண்ணெயாவது தோய்த்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, பின் சோப்பு ஜலத்தால் அவ்வெண்ணெய் முழுவதும் போகக் கழுவுக. அதே இடத்தில் புது எழுத்து ஒட்டுவதானால் மேலே சொன்ன ஜலச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

உரித்த துண்டுகளைக் கொளுத்தலாகாது. போகியன்று பழைய பாயுடன் இவற்றையும் நெருப்பிலிடுவதைப் பல கிராமங்களில் காண்கிறோம். வினைல் எரியும்பொழுது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு உண்டாகிறது. அது ஈரத்தில் கரைந்தால் உப்பு அமிலம். குழந்தைகளின் மார்புக்குள் போகக்கூடாத புகை அது. எருக்குழியிலும் இதைப் போடுவதற்கில்லை. எத்தனை வருஷமானாலும் மட்காமல் நிலத்துக்கு வந்து சேரும். துண்டுகளை ஒன்றாகச் சுருட்டி, பின்தாள்களுடன் ஊராட்சியின் மட்காத குப்பையில் சேர்த்துவிடுக.